நாளைக்குப் போட்டுடலாம்

"சிறுநீரகக் கற்கள்: உருவாகும் விதம், 197" என்று அடித்துவிட்டு அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினாள். அந்த நொடியில்... பொட்டென்று திரை அணைந்தது.

அவள் கண்ணை இரண்டு முறை சிமிட்டிப் பார்த்தாள். கறுத்த திரையில் அவள் முகம் தெரிந்தது. முகத்துக்குப் பின்னால் நூலகத்தின் பெரிய ஜன்னல், அதில் வழிகிற மழை. மழைக்கும் முகத்துக்கும் நடுவில் ஒருவன் குனிந்திருந்தான். ஒரு கையில் அவளுடைய சார்ஜர் வயர். இன்னொரு கையால் டிரில்லின் வயரை அதே பிளக்கில் செருகிக்கொண்டிருந்தான்.

"ஹலோ! என்ன பண்றீங்க நீங்க?"

"லிஃப்ட் வேலைங்க மேடம். அஞ்சே நிமிஷம். இந்த மாடியில இந்த ஒரு பிளக்லதான் கரெண்ட் வருது."

"அதுல என் லேப்டாப் இருந்தது!"

"பேட்டரியில ஓடுமே..."

"பேட்டரி செத்து ரெண்டு வருஷம் ஆச்சு!"

"அடடா... தகவலே வரலையே. வந்திருந்தா துக்கம் விசாரிக்கவாவது வந்திருப்பேன்."

நல்ல ஜோக்தான். வேறு நாளாக இருந்தால் அவளே சிரித்திருப்பாள். அன்றைக்கு அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள்... அவன் மூச்சுவிடாமல் டிரில்லைப் பிடுங்கிவிட்டு சார்ஜரைச் செருகினான். லேப்டாப் உறுமியது. பாதி தூரம் வந்தது. நீலமாய் ஒரு பக்கம் காட்டியது, அணைந்தது. மறுபடி உறுமியது, மறுபடி நீலம். ஐந்தாவது முறை அவள் மூடியை மெல்லச் சாத்திவிட்டு, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அழவில்லை. அதுதான் அவனை என்னவோ செய்தது.

புத்தகங்களின் கடைசியில், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று அகரவரிசையில் ஒரு பட்டியல் வருமே, சொல்லடைவு... அதைத் தயாரிப்பதுதான் அவள் தொழில். இது சிறுநீரக நோய்களைப் பற்றிய அறுநூற்று நாற்பது பக்கப் புத்தகத்தின் புதுப்பதிப்பு. இன்னும் பதினைந்து நாளில் முடித்துக் கொடுத்தால், பதிப்பகத்தில் நிரந்தரமாக ஒரு மேசை, ஒரு நாற்காலி அவளுக்கு. முடிக்காவிட்டால் அண்ணனுக்குத் தெரிந்தவருடைய சரக்குக் கிடங்கு. அட்டைப்பெட்டி ஒட்டும் பிரிவில் மேற்பார்வை. அண்ணன் கெட்டவன் இல்லை. "இத்தனை வருஷம் உன் இஷ்டத்துக்கு விட்டுட்டேன்ல? இந்த ஒரு புத்தகம். அதோட இந்த விளையாட்டு போதும்மா" என்றுதான் சொல்லியிருந்தான். அந்த 'விளையாட்டு' என்ற சொல்தான் அவளுக்குத் தொண்டையில் மாட்டிக்கொண்டிருந்தது.

"நான் சரிபண்ணித் தரேன்" என்றான் லிஃப்ட்காரன்.

"நீங்க லிஃப்டையே இன்னும் சரிபண்ணலை. நாலு நாளா படியேறித்தான் வர்றேன்."

"லிஃப்டை விட இது லேசு." சட்டைப்பையிலிருந்து ஒரு சாவி வளையத்தை எடுத்தான். சாவி ஒன்றுகூட இல்லை. மூன்று பென் டிரைவ்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நிற வயர் சுற்றியிருந்தது. சிவப்பு, நீலம், மஞ்சள். "எல்லாம் லினக்ஸ், ஒவ்வொண்ணும் ஒரு விதம். விண்டோஸ் கைவிட்ட பழைய மெஷினை இதுதான் கைகொடுத்துத் தூக்கும். என் வீட்டு லேப்டாப் உங்களோடதுக்குப் பெரியப்பா முறை ஆகணும். அதுவே ஓடுது."

"அதுல இந்த மூணுல எதைப் போட்டிருக்கீங்க?"

"இந்த வாரமா, போன வாரமா?"

அவளையும் மீறி உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. "ஒண்ணையும் நிலையா வச்சுக்க மாட்டீங்களா?"

"பிடிச்சது அமையணும்ல..." என்றான். சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான். மழைக்கால வெளிச்சம் அவள் கண்ணில் விழுந்திருந்தது. பார்வையை எடுக்க அவனுக்குக் கொஞ்சம் நேரம் கூடவே பிடித்தது. அவள்தான் முதலில் தலை குனிந்துகொண்டாள்.

அவன் லேப்டாப்பைத் திருப்பி, அடியில் இருந்த ஒட்டுத்தாளைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "நினைவகம் ரெண்டே ரெண்டு ஜிபி. அதுவும் முப்பத்திரண்டு பிட் காலத்து மெஷின். இப்ப வர்றதுல பாதி இதுல ஏறவே ஏறாது. லுபுண்டுன்னு லேசான லினக்ஸ் ஒண்ணு, அது கூட இந்த வயசு மெஷினுக்கு இப்ப வர்றதில்லை. இருக்கறதுலயே எடை கம்மியா ஒண்ணைத் தேடிப் பிடிக்கணும். இதுவும் லிஃப்ட் கணக்குதான் மேடம். எத்தனை பேர் ஏறலாம்னு பார்த்துத்தான் ஏத்தணும்."

முதலில் சிவப்பு வயர். ஆன்டிஎக்ஸ் என்றான். அலங்காரம் ஒன்றும் கிடையாது. ஆனால் செத்துக் கிடந்த இயந்திரம் ஒரு நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்தது. வட்டின் உள்ளே கிடந்த அவளுடைய கோப்பைத் தோண்டி, புது முகப்புக்கு ஒரு பிரதி எடுத்துத் திறந்தான். 197-ஆம் பக்கம் வரை அப்படியே இருந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இரண்டு வரி அடித்துப் பார்த்தாள். விரலுக்கு முன்னால் எழுத்து ஓடியது.

"இது இன்னும் உள்ள போடலை" என்றான். "பென் டிரைவ்ல இருந்து ஓடுது. சும்மா ஒரு விருந்தாளி மாதிரி. அணைச்சா எழுந்து போயிடும், ஒண்ணையும் விட்டுட்டுப் போகாது. அதனால சாயங்காலம் உங்க கோப்பை நான் தனியா எடுத்து வச்சுக்கறேன். சரி... பிடிச்சிருக்கா? பிடிச்சா இப்பவே உள்ள போட்டுடலாம். அரைமணி நேர வேலை."

பிடித்திருந்தது. சத்தியமாகப் பிடித்திருந்தது. ஆனால் அரைமணி நேரத்தில் போட்டுவிட்டு, சாவி வளையத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவானே... அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"எழுத்து கொஞ்சம் சின்னதா இருக்கோ...?" என்றாள்.

"ஆமால்ல?" என்றான் அவன், அவசர அவசரமாக. "நாளைக்கு இன்னொண்ணு பார்ப்போம்!"

மறுநாள் நீல வயர். டெபியன், அதன் மேல் பட்டுப்புடவை கட்டியதுபோல ஒரு முகப்பு. பார்க்க அழகு. ஆனால் ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னால் யோசித்துக்கொண்டே நின்றது. "இது திறக்கறதுக்குள்ள லிஃப்ட் மூணு தடவை மேல போய் வந்துடும்" என்றான். "உங்க லிஃப்ட்தான் ஓடவே இல்லையே" என்றாள். மூன்றாம் நாள் மஞ்சள், பப்பி லினக்ஸ். "பப்பியா? நாய்க்குட்டியா?" என்று கேட்டாள். "குரைக்காது, பயப்படாதீங்க" என்றான். குரைக்கவில்லைதான். துள்ளிக் குதித்து ஓடியது. ஆனால் எதை எங்கே வைத்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் அவளுக்கு மதியம் ஆகிவிட்டது.

நான்காம் நாள் மறுபடி சிவப்பு வயர்.

"சுத்திச் சுத்தி இங்கயே வந்துட்டோம்" என்றான்.

"இதுவே இருக்கட்டும்."

"நாளைக்கு உள்ள போட்டுடலாம்."

தினமும் அணைத்து ஏற்ற வேண்டாம் என்று நூலகர் அம்மா இரக்கப்பட்டு ஓர் ஏற்பாடு செய்தார். பூட்டுகிற அறையில், ஜன்னல் ஓர மேசையிலேயே லேப்டாப் இருக்கட்டும் என்றார். சாயங்காலம் மூடியைச் சாத்திவிட்டுப் போவாள், காலையில் திறந்தால் விட்ட இடத்தில் கோப்பு காத்திருக்கும். அணைக்கிறதே இல்லை என்று ஆனபின், கோப்பைத் தனியாக எடுத்து வைக்கிற வேலை இருவருக்குமே மறந்துபோனது.

நாளைக்கு என்பது வந்துகொண்டே இருந்தது, போய்க்கொண்டே இருந்தது. "இன்னைக்கு வேகமா ஓடுது, நிறுத்த வேண்டாம். நாளைக்குப் பார்க்கலாம்" என்பாள் அவள். "எனக்கும் கீழ கயிறு மாத்தற வேலை. நாளைக்குப் போட்டுடலாம்" என்பான் அவன். சொல்லிவிட்டு அரைமணி நேரம் நின்று பேசுவான். அந்த அரைமணியில் இரண்டு தடவை போட்டு முடித்திருக்கலாம். கேட்பார் யார்?

"கடைசிப் பக்கம்" என்று அவளுக்குப் பெயர் வைத்திருந்தான். "கடைசிப் பக்கம், ஒரு சந்தேகம். ஒரு சொல் எந்தெந்தப் பக்கத்துல வருதோ அதையெல்லாம் எழுதணும், அவ்வளவுதானே? இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை?"

"அவ்வளவுதானா? 'வலி'ன்னு தேடி ஒருத்தர் வர்றார். அவருக்கு எந்த வலின்னு பிரிச்சுச் சொல்லணும். இடுப்பு வலியா, அடிவயித்து வலியா, ஆபரேஷனுக்குப் பின்னால வர்ற வலியா? வெறும் பக்க எண்ணா அடுக்கி வச்சா அவர் எல்லாத்தையும் புரட்டணும். பாவம், வலியோட வந்திருக்கார்."

அவன் டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுடைய வேலையைப் பற்றி இவ்வளவு கவனமாகக் கேட்டவர்கள் யாருமில்லை. வீட்டில் அண்ணி, "இன்னும் எத்தனை பக்கம் எண்ணணும்?" என்று கேட்பாள். அவ்வளவுதான். அன்று இரவு அவளுக்குத் தூக்கம் வர நேரமானது.

பன்னிரண்டாம் நாள் காலை. லிஃப்டைப் பரிசோதிக்க அதிகாரி வந்திருந்தார். அவள் 631-ஆம் பக்கத்தில் இருந்தாள். இன்னும் ஒன்பது பக்கம்.

வாசலில் வந்து நின்றான். துவைத்த சட்டை, சீவிய தலை. "கடைசிப் பக்கம், ரெண்டு நிமிஷம் இந்த மாடிக்கு மெயினை அணைக்கப் போறேன். சேவ் பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன்."

"மறுபடி ஒருதடவை பண்ணிடுங்க. முதல் நாள் மாதிரி ஆயிடப் போகுது."

அவள் சிரித்துக்கொண்டே மறுபடியும் சேமித்தாள். அவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான். மின்விசிறி நின்றது, விளக்கு அணைந்தது, திரை கறுத்தது. இரண்டு நிமிடம் மழைச் சத்தம் மட்டும். பிறகு எல்லாம் திரும்பி வந்தது. லேப்டாப் எழுந்தது. சுத்தமாக, புத்தம் புதிதாக எழுந்தது.

கோப்பு இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

தேடினாள். ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்தாள். அவள் செய்த தமிழ் விசைப்பலகை அமைப்புகூட இல்லை. அவளை அதற்கு யாரென்றே தெரியவில்லை. விருந்தாளி... எழுந்து போயிடும்... ஒண்ணையும் விட்டுட்டுப் போகாது... அவன் முதல் நாள் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்ததுபோல் இருந்தது.

"லிஃப்ட் பாஸாயிடுச்சு!" என்று கத்திக்கொண்டே படியேறி ஓடிவந்தவன், அவள் முகத்தைப் பார்த்து நின்றான். திரையைப் பார்த்தான். சிவப்பு வயர் சுற்றிய பென் டிரைவ் இன்னும் பக்கவாட்டில் செருகியே இருப்பதைப் பார்த்தான்.

"நான்... உள்ள போடவே இல்லை..."

"திரும்ப எடுக்க முடியுமா?"

"அது நினைவகத்துல மட்டும்தான் இருந்தது. கரெண்ட் போனா..." சட்டைப்பையைத் துழாவினான். "என்கிட்ட மூணாம் நாள் எடுத்த பிரதி இருக்கு. 240 வரைக்கும்."

எட்டு நாள். ஏறக்குறைய நானூறு பக்கம்.

"முதல் தடவையும் நீங்கதான் பிடுங்கினீங்க" என்றாள். குரல் உயரவே இல்லை. "அது தெரியாம நடந்தது. இது? உங்க தொழிலே கரெண்டை அணைக்கறதும் போடறதும்தானே? இனிமே என் கண்ணு முன்னாடி வராதீங்க."

அவன் பிரதி இருந்த பென் டிரைவை மேசை மேல் வைத்துவிட்டுப் போனான். ஓடத் தொடங்கியிருந்த லிஃப்டில் ஏறவில்லை. படியில் இறங்கிப் போகிற காலடிச் சத்தம் கடைசிப் படி வரை அவளுக்குக் கேட்டது.

இரண்டு நாள் பேய் மாதிரி உழைத்தாள். 330 வரை வந்தாள். சனிக்கிழமை காலை பதிப்பாசிரியர் அம்மா போன் செய்தார். நடந்ததைச் சொன்னாள். மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

"உன்னைக் குறை சொல்லலைம்மா. ஆனா அச்சகத்துல தேதி கொடுத்தாச்சு. சொல்லடைவு இல்லாமலே போட்டுடறோம்."

"இல்லாமலேவா மேடம்?"

"வேற வழி இல்லைம்மா. அந்த வேலைக்கும்... வேற ஒருத்தரைச் சொல்லிட்டாங்க."

அறுநூற்று நாற்பது பக்கம். உடம்பு முடியாதவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் வாங்கப்போகிற புத்தகம். எதையும் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் வரப்போகிறது. வேலை போனதைவிட அதுதான் அவளை அதிகமாக அறுத்தது.

அண்ணன் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஒரு சண்டையாவது போட்டிருப்பாள். "சரி விடும்மா. திங்கட்கிழமை காலையில தயாரா இரு. முதல் நாள் நானே கொண்டுபோய் விடறேன்" என்று மட்டும் சொன்னான். அவள் தலையாட்டினாள். தலையாட்டும்போதே உள்ளே ஏதோ ஒன்று தளர்ந்து உட்கார்ந்துவிட்டது.

அன்று பிற்பகல், லேப்டாப்பை எடுத்துப்போக நூலகத்துக்கு வந்தாள். லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஏற மனம் வரவில்லை. படியேறி வந்தால்... ஜன்னல் ஓர மேசைக்குப் பக்கத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான். மூன்று நாள் தாடி. சட்டை முழுக்க மழை.

"கண்ணு முன்னாடி வராதீங்கன்னு சொன்னேன்."

"சொன்னீங்க. இதைக் குடுத்துட்டுப் போயிடறேன்."

ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினான். நூலகத்தில் அதே சிறுநீரகப் புத்தகத்தின் பழைய பதிப்பு, சொல்லடைவு இல்லாதது, ஒன்று இருந்ததாம். நூலகர் அம்மாவிடம் கெஞ்சி வாங்கி, மூன்று நாள் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து எழுதியிருக்கிறான். கோணல் மாணலான எழுத்து. அவள் பக்கத்தைப் புரட்டினாள். அகரவரிசை தப்பு. பழைய பதிப்பு என்பதால் பக்க எண்கள் அத்தனையும் தப்பு. 'வலி' என்று எழுதி, எதிரே அறுபத்தொரு எண்கள். பிரிவு ஒன்றும் இல்லை. வலி, வலி, வலி... வெறும் எண்களாக அடுக்கி வைத்திருந்தான்.

அதைப் பார்த்ததும் மூன்று நாளாக வராத அழுகை வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"உதவாதுன்னு தெரியும்" என்றான்.

"புத்தகம் அச்சுக்குப் போயிடுச்சு. என் பக்கங்கள் இல்லாமலே."

அவன் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பை அவன் பக்கம் நகர்த்தினாள். "அதை உள்ள போடுங்க."

"இப்பவா?"

"இப்பவே. நாளைக்கு ஞாயிறு. நாளன்னைக்கு எனக்குக் கிடங்கு வேலை. இன்னைக்கே போடுங்க."

சிவப்பு வயரைச் செருகினான். நாலைந்து கேள்விகள். வட்டில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா என்று கடைசியாகக் கேட்டது. அவன் கை தயங்கியது. அவள் தன் விரலால் அழுத்தினாள். இனி அழிய என்ன இருக்கிறது?

பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்தது. பத்து சதவீதம். பதினைந்து.

"ஒண்ணு சொல்லணும்" என்றான். பார்வை கோட்டிலேயே இருந்தது. "மறந்து போய்ப் போடாம விடலை. முதல் நாளே உங்க மெஷினுக்கு இதுதான் சரின்னு எனக்குத் தெரியும். நீலம், மஞ்சள் எல்லாம் சும்மா... போட்டுக் குடுத்துட்டா நீங்க போயிடுவீங்க. அப்புறம் எந்த சாக்குல உங்களை வந்து பார்ப்பேன்? தினமும் நாளைக்கு நாளைக்குன்னு தள்ளினேன். கடைசியில போடலைங்கறதே மறந்துபோச்சு. உங்களைப் பார்க்கணும்கற ஆசையில உங்க வேலையையே அழிச்சுட்டேன். உங்களை எனக்கு... அவ்வளவு பிடிச்சுப்போச்சு. மன்னிக்கச் சொல்லலை. தெரிஞ்சுக்குங்க, அது போதும்."

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "உங்க ஆசைக்கு என் வாழ்க்கைதானா கிடைச்சுது?" என்று கேட்க வாயெடுத்தாள்.

ஆனால் எழுத்து கொஞ்சம் சின்னதா இருக்கோ என்று கேட்டது யார்?

ஐம்பது. அறுபது.

"எழுத்து சின்னதா இல்லை" என்றாள்.

"என்னது?"

"முதல் நாள் சொன்னேனே, எழுத்து சின்னதா இருக்குன்னு. பொய். நல்லாத்தான் இருந்தது. எனக்கும் முதல் நாளே பிடிச்சிருந்தது." புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "லினக்ஸும்..."

அவன் திரும்பிப் பார்த்தான். அழுது சிவந்த கண்கள். அதில் கோபம் இருந்தது, களைப்பு இருந்தது. மேசை மேல் இருந்த அவள் கைக்கு அருகில் அவன் தன் கையை வைத்தான், தொடாமல். அவளும் கையை எடுக்கவில்லை.

நூறு. பென் டிரைவைக் கழற்றச் சொல்லித் திரையில் ஒரு வரி வந்தது. அவன் கழற்றினான். மெஷின் ஒருமுறை அணைந்து, தானாக எழுந்தது. இந்தமுறை அவளிடம் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டது.

"முடிஞ்சுது" என்றான். சாவி வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றான். "இனிமே நான் வர்றதுக்கு ஒரு சாக்கும் இல்லை."

அவள் லேப்டாப்பைப் பைக்குள் வைத்து மூடினாள். திங்கட்கிழமை விடிந்தால் அட்டைப்பெட்டி, பசை, வரிசையில் பெண்கள், அண்ணனுக்குத் தெரிந்தவரின் குரல். அது மாறப்போவதில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவள் நின்றாள். திரும்பாமலே சொன்னாள்.

"கிடங்குல ஆறு மணிக்கு விடுவாங்க. சாக்கு இல்லாம வாங்க."